பட்டன் போனும் கணினியும்: ப்ளூடூத் இணைப்பு எங்கே அறுகிறது?

1997இல் ஐபிஎம் நிறுவனத்தின் திங்க்பேட் மடிக்கணினிப் பிரிவுக்கு ஓர் ஆசை வந்தது. கைபேசியை மடிக்கணினிக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன? அதற்காக ஸ்வீடனின் எரிக்சனை அணுகினார்கள். இரு தரப்புப் பொறியாளர்களும் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அன்றைய கைபேசி தின்னும் மின்சாரத்துக்கு மடிக்கணினியின் பேட்டரி ஈடுகொடுக்காது என்று தெரிந்தது. போன் சட்டைப் பையிலேயே இருக்கட்டும், கணினியோடு பேச மட்டும் ஒரு குட்டி ரேடியோவை இரண்டிலும் வைத்தால் போதும் என்று திட்டம் மாறியது. அந்த ரேடியோ ஏற்கெனவே எரிக்சனின் லுண்ட் நகரக் கூடத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. யாப் ஹார்ட்சன், ஸ்வென் மாட்டிசன் ஆகியோர் 1990களின் நடுவிலிருந்து அதில் வேலை செய்துவந்தார்கள். 1998இல் எரிக்சன், நோக்கியா, ஐபிஎம், இன்டெல், டோஷிபா ஐந்தும் சேர்ந்து அதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கின. ப்ளூடூத் என்ற பெயருக்குக் காரணமான டென்மார்க் அரசனின் கதையை எழுதாத பத்திரிகை கிடையாது, அதை விட்டுவிடலாம்.

இன்று ப்ளூடூத் என்றதும் காதில் மாட்டும் கருவியும் கார் ஸ்பீக்கரும்தான் நினைவுக்கு வருகின்றன. பிறந்தது என்னவோ போனையும் கணினியையும் சேர்த்துவைக்கத்தான். 2001இல் எரிக்சன் டி39, நோக்கியா 6310 என்று தொடங்கிய வரிசை, அடுத்த பத்தாண்டுக்குள் நடுத்தர விலை போன்கள் வரை வந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006 முதல் 2014 நவம்பர் வரை நடத்திய ஆலையில் தயாரான போன்கள் இன்னும் எத்தனையோ வீட்டு மேசை இழுப்பறைகளில் கிடக்கின்றன. உள்ளே குழந்தையின் முதல் படம் இருக்கிறது, இறந்துபோனவரின் குரல் இருக்கிறது, வேறெங்கும் எழுதிவைக்காத எண்கள் இருக்கின்றன. சார்ஜ் போட்டால் போன் எழுந்துகொள்கிறது. கணினி அதைக் கண்டுபிடிக்கிறது, ‘இணைந்தது’ என்றுகூடச் சொல்கிறது. அடுத்த நொடியே ‘இணைப்பு இல்லை’ என்கிறது. பெரும்பாலானோர் கைவிடுவது இந்த இடத்தில்தான். போன் பழசு, அவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

போனின் வயதை இதற்குக் காரணம் சொல்வது தவறு. இந்தக் கேள்வியை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. மிகப் பழையவை, மிக எளியவை எல்லாம் இன்றும் வேலை செய்கின்றன. வசதிக்காக அவற்றின் மேல் கம்பெனிகள் கட்டிய அலங்காரங்கள்தான் இடிந்துபோயின.

கீழே இருந்து தொடங்குவோம். ப்ளூடூத் ரேடியோ 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 79 தடங்களுக்குள் நொடிக்கு 1600 முறை தாவித் தாவிப் பேசுகிறது. 2001இல் வந்த 1.1 பதிப்பும் இப்படித்தான் பேசியது, இன்றைய மடிக்கணினியில் உள்ள சில்லும் இப்படிப் பேசத் தெரிந்தே வருகிறது. 2004இல் 2.0 பதிப்பு வேகத்தைக் கூட்டியது. 2010இல் வந்த 4.0 குறைந்த மின்சாரத்தில் ஓடும் இன்னொரு ரேடியோ முறையைக் கொண்டுவந்தது. கைக்கடிகாரம், உடல்நலக் கருவிகளெல்லாம் அந்த வழியில் போயின. ஆனால் கணினிக்கென்று வரும் சில்லுகள் இரண்டு முறையையும் சேர்த்தே சுமக்கின்றன. எனவே ‘என் லேப்டாப்பில் ப்ளூடூத் 5, போனில் 1.2, எப்படிச் சேரும்?’ என்று கேட்கத் தேவையில்லை. புதியது இறங்கிவந்து பழையதன் பாஷையில் பேசும்.

கண்டுபிடிப்பதில் மட்டும் இரண்டு தடங்கல் உண்டு. சுற்றுப்புறத்தைத் தேடும் ஒரு சுற்றுக்கு வழக்கமாக 10.24 நொடி ஆகும். பழைய போன் அதிலும் சோம்பேறி. பட்டியலில் பெயர் வரவில்லையென்று மூன்றாவது நொடியில் ரத்துசெய்து மறுபடி தேடுகிறவருக்கு அது கடைசிவரை கிடைக்காது. போனில் ‘எல்லோருக்கும் தெரியும்படி’ என்ற அமைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சில மாடல்கள் சில நிமிடத்தில் தாமாகவே ஒளிந்துகொள்ளும். விண்டோஸ் 11 இன்னொரு குழப்பத்தைச் சேர்த்திருக்கிறது. ஹெட்போன், மவுஸ் போன்ற வழக்கமான கருவிகளை மட்டும் பட்டியலில் காட்டிவிட்டு மற்றதை மறைத்துவிடுகிறது. ப்ளூடூத் அமைப்புப் பக்கத்தின் கீழே, சாதனங்களைக் கண்டுபிடிக்கும் விதம் ‘டீஃபால்ட்’ என்று இருப்பதை ‘அட்வான்ஸ்டு’ என்று மாற்றினால் நோக்கியா 6300 தலைகாட்டும்.

அடுத்தது பேரிங், அதாவது இரண்டு கருவியையும் ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்திச் சேர்த்துவைப்பது. 2007இல் 2.1 பதிப்பு வந்த பிறகு இரண்டு திரையிலும் தெரியும் ஆறு இலக்க எண் ஒன்றுதானா என்று பார்த்து ‘ஆம்’ அழுத்தினால் போதும் என்றாயிற்று. அதற்கு முந்தைய போன்களில் பின் நம்பர் முறை. ஒரே எண்ணை இரண்டு பக்கமும் தட்ட வேண்டும். 0000, 1234 எதுவானாலும் சரி. இரண்டும் பொருந்தினால் போதும். சில நேரம் கணினியே நீளமான ஓர் எண்ணைக் காட்டி போனில் தட்டச் சொல்லும், சில நேரம் நம்மிடம் கேட்கும். எப்படியானாலும் சுமார் 30 நொடிக்குள் முடிக்க வேண்டும். போன் பீப் என்று கூப்பிட்டு, திரை விளக்கு அணைந்து, கீபேடு பூட்டைத் திறந்து, ‘ஏற்கவா?’ என்ற கேள்விக்கு ஆம் சொல்லி, பிறகு எண்ணைத் தட்டுவதற்குள் நேரம் போய்விடுகிறது. போனின் பூட்டைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டே கணினியில் க்ளிக் செய்வது நல்லது. அதைவிட நல்லது, போனிலிருந்து கணினியைத் தேடுவது. பழைய போனை முதலில் பேசவிட்டால் புதிய கணினி பணிந்து கேட்டுக்கொள்கிறது. கணினி தொடங்கினால் போன் பல நேரம் முறைத்துக்கொள்கிறது.

பேரிங் முடிந்ததும் இருவரிடமும் 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசியச் சாவி சேமிக்கப்படுகிறது. கணினியில் விண்டோஸை மறுபடி நிறுவியிருப்பீர்கள், சாவி போய்விட்டிருக்கும். போனில் பழைய சாவி அப்படியே இருக்கும். போன் பழைய சாவியை நீட்டும், கணினி தெரியாது என்று மறுக்கும். ‘சேருகிறது, உடனே கட் ஆகிறது’ என்று செல்போன் கடைகளுக்கு வரும் புகார்களில் பல இந்த வகை. இரண்டு பக்கமும் பழைய பதிவை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழிப்பது வேலைக்காகாது.

சாவியெல்லாம் சரியாக இருந்தும் ‘இணைப்பு இல்லை’ என்று வந்தால்? அங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது.

ப்ளூடூத்தில் பொத்தாம்பொதுவான இணைப்பு என்று ஒன்று கிடையாது. கோப்பு அனுப்புவது, மோடமாக இருப்பது, ஒலி கடத்துவது, தொலைபேசிப் புத்தகத்தைப் படிக்கத் தருவது என்று ஒவ்வொரு வேலைக்கும் தனி நெறிமுறை உண்டு. அதற்கு ப்ரொஃபைல் என்று பெயர். பேரிங் ஆன பிறகு கணினி போனிடம் ‘உன்னிடம் என்னென்ன சேவை இருக்கிறது?’ என்று கேட்கிறது. போன் ஒரு பட்டியல் தருகிறது. அந்தப் பட்டியலில் இருப்பது கணினிக்கும் தெரிந்திருந்தால் மட்டுமே மேற்கொண்டு ஏதாவது நடக்கும். ரேஷன் கடைக்குப் போய் நிற்பது மாதிரிதான். கடை திறந்திருக்கிறது, கார்டும் செல்லும், நாம் கேட்ட சரக்கு மட்டும் இல்லை. விண்டோஸ் ‘இணைப்பு இல்லை’ என்று சொல்வது பிழைச் செய்தியே அல்ல. இப்போது எந்தச் சேவையும் ஓடவில்லை என்பதுதான் அதன் பொருள். ஹெட்போன் என்றால் எப்போதும் ஒலிக்காகக் காத்திருக்கும், ‘இணைந்தது’ என்றே காட்டும். போன் வேலை வரும்போது மட்டும் சேர்ந்து, முடிந்ததும் விலகிவிடும். மைக்ரோசாஃப்ட் இதை இரண்டு வரியில் திரையிலேயே எழுதியிருக்கலாம். இருபது ஆண்டாக எழுதவில்லை.

கணினிப் பக்கத்தில் எந்தச் சேவை தெரியும் என்பதை முடிவு செய்வது ஸ்டாக் எனப்படும் மென்பொருள் அடுக்கு. 2004 ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 வரும்வரை விண்டோஸ் எக்ஸ்பியில் சொந்த ப்ளூடூத் கிடையாது. கணினியில் செருகும் ப்ளூடூத் டாங்கிளோடு வரும் குறுந்தகட்டில் விட்காம், டோஷிபா, அல்லது சீனாவின் ஐவிடி நிறுவனத்தின் ப்ளூசோலைல் இருக்கும். நடுவில் செஞ்சூரியன் மாதிரி ஓர் உருண்டை, சுற்றிலும் கிரகங்களாகப் போன்கள் என்று திரையில் காட்டும் ப்ளூசோலைலை அந்தக் காலத்தில் பார்க்காதவர் குறைவு. பணம் கட்டாத பிரதி சில எம்பி அனுப்பியதும் நின்றுவிடும். ஆனால் இந்த மூன்றும் வகைவகையான ப்ரொஃபைல்களை அறிந்திருந்தன. போனின் கோப்புறைகளைத் திறந்து பார்க்கலாம், காலண்டரை ஒத்திசைக்கலாம், கணினியின் ஸ்பீக்கரிலும் மைக்கிலும் போன் பேசலாம். மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது மெலிந்த பட்டியல். கோப்பு அனுப்புதல், மோடம், சீரியல் போர்ட், விசைப்பலகை, பிரின்டர், இணையப் பகிர்வு, அவ்வளவே. ஒலி பின்னால்தான் வந்தது. போனின் கோப்புறைகளைத் துழாவும் வசதி அதில் இல்லை. விண்டோஸோடு இலவசமாக வந்ததால் மெலிந்ததே வென்றது. மற்றவை ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. விட்காமை பிராட்காம் வாங்கி, பிறகு அதுவும் மங்கிப்போயிற்று. 2005இல் ஒரு கணினியில் செய்ய முடிந்ததை இன்றைய கணினியில் செய்ய முடியாமல்போவதற்கு இதுவே பெரிய காரணம். தொழில்நுட்பம் முன்னேறினால் வசதி கூடும் என்ற எண்ணம் இந்த இடத்தில் பொய்க்கிறது.

போன் கம்பெனிகள் தந்த மென்பொருள்கள் கதையும் அதேதான். நோக்கியா பிசி சூட், சோனி எரிக்சன் பிசி சூட், சாம்சங் பிசி ஸ்டுடியோ, மோட்டோரோலா போன் டூல்ஸ் என்று அத்தனையும் அனாதையாகிவிட்டன. நோக்கியா பிசி சூட்டை எங்கிருந்தோ இறக்கி விண்டோஸ் 10இல் ஓட்டிவிட்டேன் என்பவர்கள் இருக்கிறார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் நடக்கும். ஆனால் அதை இறக்கிக்கொள்ளும் மூன்றாம் தரப்புத் தளங்களில் பாதி நம்பத்தகாதவை. பழைய படங்களை மீட்கப்போய் புதிய கணினியில் வைரஸை ஏற்றிக்கொள்வது புத்திசாலித்தனமில்லை. ஆப்பிள் 2003இல் ஐசிங்க் என்ற அழகான மென்பொருளைத் தந்தது. எண்களையும் நாள்காட்டியையும் சோனி எரிக்சன் டி610 போன்ற போன்களோடு அது ஒத்திசைத்தது. 2011இல் லயன் பதிப்போடு அதுவும் போயிற்று.

கணினியில் ப்ளூடூத் இல்லாதவர்கள் டாங்கிள் வாங்குவார்கள். சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ மலிவாகக் கிடைப்பவற்றில் பல, கேம்பிரிட்ஜ் சிலிக்கான் ரேடியோவின் சில்லு என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் போலிகள். அசல் சில்லுக்குரிய கட்டளைகளுக்கு இவை தப்பும் தவறுமாகப் பதில் சொல்வதால் லினக்ஸ் கெர்னலிலேயே போலிகளை அடையாளம் கண்டு சமாளிக்கத் தனி வரிகள் எழுதப்பட்டிருக்கின்றன. இன்னொன்று, விண்டோஸின் ஸ்டாக் ஒரு நேரத்தில் ஒரே ரேடியோவைத்தான் ஏற்கும். மடிக்கணினியில் உள்ளது உயிரோடிருக்க டாங்கிளையும் செருகினால் குழப்பமே மிஞ்சும். டிவைஸ் மேனேஜரில் ஒன்றை முடக்கியாக வேண்டும்.

இனி, எந்த வேலைக்காக இணைக்கிறோம் என்று பார்க்கலாம்.

படம், பாட்டு, குரல்பதிவு போன்ற கோப்புகளுக்கு ‘ஆப்ஜெக்ட் புஷ்’ என்ற எளிய ப்ரொஃபைல் போதும். அகச்சிவப்புக் கதிர் காலத்து ஓபெக்ஸ் நெறியை ப்ளூடூத் அப்படியே தத்தெடுத்துக்கொண்டதன் பலன் இது. போனில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து ‘ப்ளூடூத் வழி அனுப்பு’ என்றால் போதும். எந்த மென்பொருளும் வேண்டாம். ஐபோன் இதை ஒருபோதும் ஆதரித்ததில்லை. மற்றவை பெரும்பாலும் ஆதரிக்கின்றன. இருந்தும் ‘அனுப்ப இயலவில்லை’ என்று போன் கைவிரிப்பதற்குக் காரணம் மிகச் சாதாரணமானது. விண்டோஸ் எப்போதும் காதைத் திறந்து வைத்திருப்பதில்லை. ப்ளூடூத் பக்கத்தில் ‘கோப்புகளை அனுப்பு அல்லது பெறு’ என்பதைத் திறந்து, ‘பெறு’ என்பதை அழுத்தி, அந்தச் சிறு ஜன்னல் ‘காத்திருக்கிறேன்’ என்று சொன்ன பிறகே போனில் அனுப்பு பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு கோப்பு வந்ததும் ஜன்னல் வேலையை முடித்துக்கொண்டால் அடுத்ததற்கு மறுபடி திறக்க வேண்டும். உபுண்டு போன்ற லினக்ஸ்களில் ப்ளூடூத் அமைப்புப் பக்கம் திறந்திருக்கும்வரை கோப்புகள் டவுன்லோட்ஸ் கோப்புறையில் வந்து விழும், மூடினால் நின்றுவிடும். மேக்கில் பகிர்வு அமைப்புகளில் ப்ளூடூத் பகிர்வை இயக்க வேண்டும்.

வேகம் பற்றி ஒரு கணக்கு. 2.0க்கு முந்தைய போன் ஒன்று மிக நல்ல நிலையிலும் நொடிக்கு 723 கிலோபிட்தான் கடத்தும், அதாவது சுமார் 90 கேபி. வீஜிஏ கேமரா எடுத்த படம் ஒரே நொடியில் வந்துவிடும். 4 எம்பி பாட்டுக்கு முக்கால் நிமிடம், நடைமுறையில் ஒரு நிமிடத்துக்கு மேல். குரல்பதிவுகள் ஏஎம்ஆர் வடிவில் இருக்கும். ஒரு நிமிடப் பேச்சு 100 கேபியைத் தாண்டாது. விண்டோஸின் சொந்த இசைக் கருவி திறக்க மறுத்தாலும் விஎல்சி திறக்கும், 3ஜிபி காணொளிகளும் அதில் ஓடும். கோப்பின் தேதி மட்டும் அனுப்பிய நாளாக மாறிவிடும். படத்துக்குள் கேமரா தேதி எழுதியிருந்தால் தப்பித்தோம்.

மெமரி கார்டு உள்ள போன் என்றால் படங்களுக்கு ப்ளூடூத்தைக் கட்டி அழ வேண்டாம். கார்டைக் கழற்றி ரீடரில் போட்டால் ஆயிரம் படம் சில நிமிடத்தில் வந்துவிடும். ‘கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று பலகை வைத்த கடைக்காரர்கள் ப்ளூடூத் பக்கமே போகாததற்குக் காரணம் இதுதான். கேபிளையும் சிலர் பரிந்துரைப்பார்கள். பழைய நோக்கியாவின் பாப்போர்ட் கேபிள்களில், குறிப்பாகப் போலிகளில், உள்ளே இருந்த புரோலிஃபிக் சில்லின் நகல்களைப் புதிய விண்டோஸ் டிரைவர் அடையாளம் கண்டு ஓடவிடாமல் நிறுத்திவிடுகிறது. அதைவிட ப்ளூடூத் மேல்.

வாங்கிய ரிங்டோன், விளையாட்டு போன்றவற்றை எதிர்பார்க்காதீர்கள். ஜாவா விளையாட்டுக் கோப்புகளையும் சிம்பியன் நிறுவல் கோப்புகளையும் நோக்கியா போன்கள் வெளியே அனுப்ப விடாது. உள்ளே வாங்கிக்கொள்ளும், வெளியே தராது. சிம்பியன் போன்களில் இன்னொரு வினோதம் உண்டு. ப்ளூடூத்தில் வந்த எதுவும் முதலில் எஸ்எம்எஸ் இன்பாக்ஸில்தான் போய் உட்காரும். கணினியிலிருந்து அனுப்பிய பாட்டு கேலரியில் காணவில்லை என்று தேடியவர்கள் ஏராளம்.

எண்கள் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. போனில் ஒரு பெயரைத் திறந்து ‘விசிட்டிங் கார்டாக அனுப்பு’ என்றால் விகார்டு கோப்பாக வரும். பல பட்டன் போன்களில் ஒவ்வொன்றாகத்தான் அனுப்ப முடியும், முந்நூறு பேர் என்றால் ஒரு மாலைப் பொழுது போய்விடும். சிம்முக்கு நகலெடுத்துப் புதிய போனில் போடுவது குறுக்குவழி. ஆனால் சிம்மில் ஒரு பெயருக்கு ஓர் எண்தான், பெயரும் நீளமானால் வெட்டுப்படும். 2006க்குப் பின் வந்த போன்களில் கார்களுக்காகச் சேர்க்கப்பட்ட ‘போன்புக் அக்சஸ்’ ப்ரொஃபைல் இருந்தால் லினக்ஸ் கணினி தன்னைக் கார் என்று காட்டிக்கொண்டு முழுப் புத்தகத்தையும் ஒரே கோப்பாக இழுத்துக்கொள்ளும். லினக்ஸின் ஓபெக்ஸ் சேவை இதை நன்றாகச் செய்கிறது, கட்டளை வரியில் தட்டத் தயங்காதவருக்கு.

பெயர்களைத் தமிழில் சேமித்தவர்களுக்கு இன்னொரு சோதனை காத்திருக்கிறது. பழைய விகார்டு 2.1 வடிவம் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைச் சமக்குறியும் இரண்டு இலக்கமுமாக உடைத்து எழுதும். ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட், ஒரு பைட்டுக்கு மூன்று எழுத்து. ஆக, ஐந்து குறிகள் கொண்ட ‘அம்மா’ கோப்பில் 45 எழுத்தாக நீள்கிறது. ‘தமிழ்ச்செல்வி’ 117. வரி 76 எழுத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி இருப்பதால் அந்தப் பெயர் ஒரே வரியில் அடங்காமல் மடிகிறது. மடிப்பைப் புரிந்துகொள்ளாத மென்பொருள் முதல் வரியோடு பெயரை முடித்துவிட்டு மிச்சத்தைக் குப்பையாக்கும். ஆங்கிலத்தில் பெயர் வைத்திருந்தவருக்கு இந்தச் சிக்கலே தெரியாது. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் புதிய போனில் ஏற்றும் முன், நீளமான தமிழ்ப் பெயர்கள் பத்தை மட்டும் ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

போனை மோடமாக்கி இணையத்தில் நுழைவது ஒருகாலத்தில் பெரிய பயன். விண்டோஸில் ‘ஸ்டாண்டர்டு மோடம் ஓவர் ப்ளூடூத் லிங்க்’ என்ற பெயரில் ஒரு மோடம் முளைக்கும். அதில் *99# என்று டயல் செய்தால் ஜிபிஆர்எஸ் வழியாக இணையம். நான்கு தடம் வாங்கும் ஜிபிஆர்எஸ்ஸின் உச்ச வேகம் வழக்கமாக நொடிக்கு 53.6 கிலோபிட், எட்ஜ் என்றால் 236.8. ப்ளூடூத் அதைவிட வேகமானது என்பதால் ஒருநாளும் அது தடையாக இருந்ததில்லை. இன்று 2 எம்பி எடையுள்ள ஒரு செய்திப் பக்கத்தைத் திறக்க அந்த ஜிபிஆர்எஸ் வேகத்தில் ஐந்து நிமிடம் ஆகும். ஜியோவிடம் 2ஜி இல்லவே இல்லை. இது வழக்கொழிந்த பயன், இதற்காக மெனக்கெட வேண்டாம்.

வேடிக்கைக்காக ஒன்று சொல்ல வேண்டும். சோனி எரிக்சன் கே750 போன்ற மாடல்களில் ‘ரிமோட் கன்ட்ரோல்’ என்ற மெனு உண்டு. அதை இயக்கினால் போன் தன்னை விசைப்பலகை, மவுஸ் என்று அறிவிக்கும். விசைப்பலகையை மறுக்கும் கணினி இன்னும் பிறக்கவில்லை. 2005இல் வந்த போனின் ஜாய்ஸ்டிக்கைத் தட்டி ஸ்லைடுகளை நகர்த்தினால் கூட்டத்தில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். 2003இல் நோக்கியா 6310, 6310ஐ, சோனி எரிக்சன் டி610 உள்ளிட்ட சில மாடல்களிலிருந்து பேரிங்கே இல்லாமல் தொலைபேசிப் புத்தகத்தை உருவ முடியும் என்று ஆடம் லாரி காட்டினார். 2004 ஜூனில் சிம்பியன் போன்களில் ப்ளூடூத் வழியே பரவிய கபீர் புழு வந்தது. வேண்டாம் என்று அழுத்த அழுத்த மறுபடி மறுபடி கேட்டு, எரிச்சலில் ‘ஆம்’ சொல்ல வைப்பதே அதன் உத்தி. 2005இல் யானிவ் ஷாக்கெட், அவிஷாய் வூல் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர்கள், பேரிங் உரையாடலை ஒட்டுக்கேட்டால் நான்கு இலக்கப் பின் நம்பரை அன்றைய பென்டியம் 4 கணினி 0.06 நொடியில் கண்டுபிடித்துவிடும் என்று நிறுவினார்கள். வீட்டு மேசையில் படம் மாற்ற இதற்கெல்லாம் பயப்படத் தேவையில்லை. பேருந்து நிலையத்திலும் கருத்தரங்கிலும் வைத்துப் பேரிங் செய்யாமல், நான்குக்குப் பதில் எட்டு இலக்கம் தட்டி, வேலை முடிந்ததும் இரண்டு பக்கமும் பதிவை அழித்துவிட்டால் போதுமானது.

கடைசியாக எஸ்எம்எஸ். மீட்பதற்கு மிகக் கடினமானது, பலருக்கு மிக முக்கியமானதும் அதுவே. மெமரி கார்டுக்குப் போகாது, ஆப்ஜெக்ட் புஷ்ஷில் பெரும்பாலும் வராது. செய்திகளுக்கென்று வந்த ப்ரொஃபைல் 2009இல்தான் உருவானது. அதற்கு முந்தைய போன்களுக்கு அது தெரியாது. அங்கே கைகொடுப்பது எல்லாவற்றிலும் பழைய வழியான சீரியல் போர்ட். ப்ளூடூத் கேபிளை ஒழிக்க வந்தது என்பதால், கேபிள் இருப்பதாகவே கணினியை நம்பவைக்கும் ஒரு பாவனை அதற்குள் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. விண்டோஸின் கூடுதல் ப்ளூடூத் அமைப்புகளில் ‘காம் போர்ட்’ பகுதியைத் திறந்து, வெளிச்செல்லும் போர்ட் ஒன்றைச் சேர்த்து, அந்த எண்ணைப் புட்டி போன்ற டெர்மினல் மென்பொருளில் தந்தால் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் ஏ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்தைத் தட்டி என்டர் அழுத்தினால் போன் ‘ஓகே’ என்கிறது. 1981இல் ஹேய்ஸ் நிறுவனம் தன் ஸ்மார்ட்மோடத்துக்காக வகுத்த கட்டளை மொழி அது. இருபது வருடப் போனும் இன்றைய கணினியும் தடங்கலே இல்லாமல் பேசிக்கொள்வது இந்த நாற்பது வருட மொழியில்தான்.

அந்த மொழியில் செய்திகளைப் பட்டியலிடச் சொல்லவும் கட்டளை உண்டு. சோனி எரிக்சன் போன்கள் தாராளமாகக் கொட்டும். நோக்கியா இதில் கஞ்சம். சிம்மில் உள்ளதைத் தந்தால் உண்டு, போன் நினைவகத்தில் உள்ளவற்றைத் தன் சொந்த நெறிமுறைக்குள் பூட்டிவைத்திருக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்க நோக்கியாவின் தயவில்லாமல் ஆர்வலர்கள் எழுதியவைதான் ‘க்நோக்கி’ என்ற நிரலும் அதிலிருந்து கிளைத்த ‘காம்மு’வும். மிஹால் சிஹார்ஜ் பல ஆண்டுகள் பராமரித்த காம்மு, போனின் வகையையும் ப்ளூடூத் முகவரியையும் ஒரு சிறு கோப்பில் எழுதித்தந்தால் செய்திகளை வரிசையாக எடுத்துச் சேமிக்கும். சிம்பியன் போன்களில் முதலில் போனுக்குள் ஒரு சிறு துணைநிரலை நிறுவ வேண்டும். பெரிய கம்பெனியின் பிசி சூட் காலாவதியான பிறகும் சம்பளமில்லாமல் எழுதப்பட்ட இந்த நிரல் இன்றைய லினக்ஸிலும் ஓடுகிறது என்பதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

நேரடியாகக் கட்டளை தட்டுபவர்கள் தமிழ்ச் செய்தி வந்தால் மிரள வேண்டாம். ஆங்கிலச் செய்தியில் 160 எழுத்து கொள்ளும். தமிழுக்கு ஒரு குறிக்கு இரண்டு பைட் என்பதால் 70தான். போன் அதைத் தமிழாகக் காட்டாமல், ஒவ்வொரு குறிக்கும் நான்கு இலக்கமாக எழுதித்தரும். ‘அம்மா’ என்பது இடைவெளியில்லாத 20 இலக்க வரிசையாகத் தெரியும். நீளமான செய்தி துண்டு துண்டாக வந்திருந்தால் துண்டுகள் வரிசை மாறியும் கிடக்கும். அந்த இலக்கங்களை நான்கு நான்காகப் பிரித்து யூனிகோடாக மாற்றுவது பைத்தானில் ஒரு வரி வேலை. மாற்றியதை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடாமல் இரண்டையும் சேமிக்க வேண்டும், ஏனென்றால் அனுப்பியவர் எண்ணும் நேரமும் மூல வரியில்தான் இருக்கும்.

நேரத்தைப் படிக்கவும் ஒரு வழக்கம் தெரிய வேண்டும். ஆண்டு இரண்டு இலக்கத்தில் வரும். முடிவில் உள்ள +22 என்பது கால் மணிக் கணக்கில் சொன்ன நேர மண்டலம், இந்தியாவுக்குரிய ஐந்தரை மணி. பெற்ற செய்திகளுக்குத்தான் இந்த நேரம், அதுவும் சேவை மையம் முத்திரையிட்டது. எனவே போனின் கடிகாரம் பேட்டரி இறந்து 2000ஆம் ஆண்டுக்குத் திரும்பியிருந்தாலும் பாதிப்பில்லை. நாம் அனுப்பிய செய்திகள் சேவை மையத்தைத் தாண்டிப் போய்விட்டவை, பட்டியலில் அவற்றுக்கு நேரம் பெரும்பாலும் இராது. முன்னும் பின்னும் வந்த பதில்களை வைத்துத்தான் அவற்றின் இடத்தைக் குறித்துக்கொள்ள முடியும்.